எங்கள் விசுவாசத்தைப் பாதியில் வெட்டாதீர்கள்: தமிழ் ஊடகத்தாருக்கு மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கும் செய்தியாளர்களுக்கும்,

கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வரும் தமிழ் நாளிதழ்கள், தொலைக்காட்சிகள், இணையத் தளங்கள், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருந்தபடி முகநூலில் செய்தி நடத்தும் தம்பிமார், எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். எழுதும் நாங்கள் கண்டி, பதுளை மறைமாவட்டங்களின் தோட்டப்புறப் பங்குகளில் மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவர்கள். மரபு வழுவாத கத்தோலிக்கர். நீங்கள் 'பழமைவாதிகள்' என்று போட்டாலும் கோபமில்லை. ஆனால் லத்தீன் பூசை கேட்டுக் கொடி பிடிக்கும் கூட்டம் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். இந்த மலைகளில் மரபு என்றால் அந்திச் செபமாலை, தவக்கால வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை, நன்மை (நற்கருணை) வாங்கப் போகுமுன் குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம். அதோடு, திருச்சபை படிப்பிப்பதில் நமக்கு வாய்ப்பானதை மட்டும் பொறுக்கிக்கொள்ளாமல் முழுவதையும் ஏற்பது.

எங்கள் குறையும் அந்தப் 'பொறுக்குதல்' பற்றியதுதான். கருக்கலைப்பு, ஓரினச்சேர்க்கை, விவாகரத்து என்று ஏதாவது கிளம்பினால் ஆயர்களின் கருத்து உங்கள் முதல் பக்கத்துக்கு வருகிறது. கூலி, வீடு, காணி என்று வந்தால் அதே திருச்சபையின் போதனை செய்தியாவதில்லை. அது தொழிற்சங்கப் பக்கத்து விஷயமாகிவிடுகிறது. வாசகருக்குக் கிடைப்பது படுக்கையறையை மட்டும் எட்டிப் பார்க்கும் ஒரு திருச்சபை. அப்படி ஒரு திருச்சபை எங்களுக்குத் தெரியாது.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் எண்ணிட்ட பத்திகள் 2865 உண்டு. அதில் 1867ஆம் எண்ணை ஒருதரம் எடுத்துப் பாருங்கள். வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் எவை என்று அங்கே வரிசையாக இருக்கிறது: ஆபேலின் இரத்தம், ஓரினச்சேர்க்கையோடு சேர்த்துச் சொல்லப்படும் சோதோமியரின் பாவம், எகிப்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் கூக்குரல், அந்நியர், கைம்பெண், அநாதைகளின் கூக்குரல், கூலியாளுக்கு இழைக்கும் அநீதி. எல்லாம் ஒரே பத்தி. சோதோம் பற்றிய சொல்லை எடுத்துத் தலைப்பாக்கும் பத்திரிகை, அதே பத்தியின் கடைசியில் நிற்கும் கூலியாளைக் காணாமல் போவது எப்படி என்று எங்களுக்குப் புரியவில்லை. தோட்டங்களுக்குள் விற்பனையாகும் ஏடுகளே அப்படிச் செய்வதுதான் கூடுதல் வருத்தம்.

சம்பளத்திலேயே கொஞ்சம் நிற்போம். 2021இல் சம்பளச் சபை நாட்கூலியை 1000 ரூபாவாக்கியபோதும், 2024இல் 1350 ஆனபோதும் நீங்கள் அமைச்சரைக் கேட்டீர்கள், கம்பனிகளைக் கேட்டீர்கள், சங்கத் தலைவர்களைக் கேட்டீர்கள். ஆயர் இல்லத்தில் கேட்டவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கேட்டிருந்தால் மறைக்கல்வி நூலின் 2434ஆம் எண் கிடைத்திருக்கும்: இரு தரப்பும் ஒப்புக்கொண்டுவிட்டது என்பதனால் மட்டும் ஒரு கூலி நீதியான கூலி ஆகிவிடாது. கூட்டு ஒப்பந்தம் இருந்த காலத்தில் அதில் கையெழுத்து விழுந்ததும் விவகாரம் முடிந்தது என்று எழுதினீர்கள். அறநெறிப்படி அங்கேதான் கேள்வியே தொடங்குகிறது. அந்தக் கூலியில் ஒரு குடும்பம் ஒழுங்காகச் சீவிக்க முடியுமா, பிள்ளை படிக்க முடியுமா என்பதுதான் அளவுகோல்.

இதைச் சொன்னது ஏதோ புதுமைவாதச் சாமியார் அல்ல. 13ஆம் லியோ பாப்பரசர் 1891 மே 15இல் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலை வெளியிட்டபோது, கோப்பி நோய் பிடித்து அழிந்த இந்த மலைகளில் தேயிலை கிடுகிடுவென்று ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் முன்னோர் கடனோடு கொண்டுவரப்பட்ட காலம். கூலியைப் பறிப்பது வானத்தின் பழியைக் கூவி அழைக்கும் குற்றம் என்று அந்த மடல் சொன்னது. 2025 மே 8இல் தெரிவான பாப்பரசர் 14ஆம் லியோ என்று பெயர் வைத்துக்கொண்டார். அந்த மடலை எழுதிய 13ஆம் லியோவை நினைத்தே அந்தப் பெயர் என்று இரண்டு நாள் கழித்துக் கர்தினால்மாரிடம் அவரே சொன்னார். நம் ஏடுகளில் 'முதல் அமெரிக்கப் பாப்பரசர்' என்ற தலைப்பைத் தாண்டி எத்தனை பேர் இதை எழுதினீர்கள்? தோட்டத் தொழிலாளிக்கு அவர் எந்த நாட்டவர் என்பதை விட அந்தப் பெயரின் காரணமல்லவா நெருக்கமானது?

அறநெறி என்றால் எங்களுக்குத் தராசும் அதில் அடக்கம். கொழுந்து நிறுக்கும்போது சாக்கு எடை, ஈரம் என்று அளவுக்கு மேல் கழிப்பது களவு. குறித்த கிலோவுக்குக் கொஞ்சம் குறைந்ததற்காக முழுநாள் உழைத்தவளுக்கு அரைப்பேர் (அரைநாள் கூலி) போடுவது நீதியா என்று பார்க்க வேண்டும். 2409ஆம் எண் அநீதியான கூலியைக் களவின் பட்டியலில் வைக்கிறது. அதே எண் அரைகுறையாகச் செய்த வேலையையும் அங்கேயே வைத்திருக்கிறது. ஆகவே கொழுந்துச் சாக்கில் தண்ணீர் தெளிப்பவரையும் நாங்கள் மறைக்கல்வி வகுப்பில் விட்டுவைப்பதில்லை. இரண்டு பக்கமும் வெட்டும் இந்தப் போதனை உங்கள் அரசியல் கட்டங்கள் எதற்குள்ளும் அடங்காது. அதனால்தான் அதைப் பாதியாக வெட்டிப் போடுகிறீர்களோ என்று ஒரு சந்தேகம்.

இனி, நீங்கள் அதிகம் எழுதும் பக்கத்துக்கு வருவோம்.

கருக்கலைப்பு தவறு. வயிற்றில் இருப்பது ஓர் உயிர். அதை வேண்டுமென்றே அழிப்பதற்கு எந்தக் காரணமும் போதாது. இதில் எங்களுக்குத் தயக்கமில்லை, மென்று விழுங்கவும் மாட்டோம். ஆனால் 2017இல் சட்டத் திருத்தப் பேச்சு எழுந்தபோது வந்ததைப் போல, 'தாய் செத்தாலும் பரவாயில்லை என்கிறது திருச்சபை' என்ற தொனியில் எழுதுவது பொய். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு தாயின் உயிரைக் காப்பாற்றும் நோக்கத்துக்கு மட்டும் விலக்குக் கொடுக்கிறது. திருச்சபையின் கணக்கு அதைவிட நுணுக்கமானது. கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கிவிட்டால் குழாய் வெடித்துத் தாய் சில மணி நேரத்தில் இரத்தப்போக்கால் இறக்கலாம். கெட்டுப்போன அந்தக் குழாய்ப் பகுதியை வைத்தியர் வெட்டி எடுக்கலாம். கருப்பையில் புற்றுநோய் என்றால் கருப்பையை அகற்றலாம். சிகிச்சை நோயுற்ற உறுப்பை நோக்கியது; பிள்ளையின் மரணம் முன்கூட்டியே தெரிந்தாலும் அது நோக்கமும் அல்ல, வழியும் அல்ல. எனவே ஆயர் ஒருவரைப் பேட்டி காணும்போது 'கருக்கலைப்புக்கு ஆதரவா எதிர்ப்பா' என்று கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். 'இந்தச் சிகிச்சை எதை நோக்கிச் செய்யப்படுகிறது, இதை ஏற்பீர்களா' என்று கேளுங்கள். பதில் ஒரு வரியில் முடியாது. அதுதான் செய்தி.

அதே மூச்சில் இன்னொன்று. 1968 யூலை 25 திகதியிட்ட 'ஹுமானே வீத்தே' சுற்றுமடலைக் கேலி செய்யாத ஆள் குறைவு. செயற்கைக் கருத்தடையைத் தடுக்கும் பிற்போக்கு ஆவணம் என்பார்கள். அதன் 14ஆம் எண் கருவள நீக்கச் சத்திரசிகிச்சையையும் தடுக்கிறது. 1980களில் இந்த நாட்டில் அந்தச் சத்திரசிகிச்சைக்கு இணங்கியோருக்கு அரசே பணம் கொடுத்தது. தோட்டப் பெண்களுக்கு ஒழுங்கான விளக்கமோ உண்மையான சம்மதமோ இல்லாமல் அது செய்யப்பட்டது என்ற குற்றச்சாட்டு நெடுநாளாக உண்டு. அன்றாடச் சோற்றுக்கே தட்டுப்பாடான லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) கையில் காசை வைத்துக் கேட்கும் 'சம்மதம்' எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணுரிமைப் பக்கத்தில் இதை எழுதுபவர்கள், அந்த ஆவணம் இந்த இடத்தில் எந்தப் பக்கம் நின்றது என்பதையும் ஒரு வரி சேர்த்தால் குடிமுழுகிப் போகாது.

வத்திக்கான் செய்திகளில் பிழை எப்படி நேர்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். வெளிநாட்டு நிறுவனத்தின் ஆங்கிலத் தலைப்பு வருகிறது; மூல ஆவணத்தைத் திறக்காமல் தலைப்பை மட்டும் தமிழாக்குகிறீர்கள்; அதற்கு மேல் ஓர் ஆச்சரியக்குறி. 2023 டிசம்பர் 18இல் ஓரினச் சோடிகளைச் சடங்கு முறையின்றி ஆசீர்வதிக்கலாம் என்ற 'ஃபிதூச்சியா சுப்ளிகான்ஸ்' வத்திக்கான் அறிக்கை வந்தபோது 'ஓரினத் திருமணத்துக்குப் பாப்பரசர் அனுமதி' என்று ஓடிய தலைப்பு அப்படிப் பிறந்ததுதான். உண்மையில் அந்த அறிக்கை தொடக்கத்திலேயே, திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்ற போதனை மாறவில்லை என்கிறது. 39ஆம் எண்ணில், இப்படியான ஆசீர்வாதத்தைச் சிவில் இணைப்புச் சடங்கோடு சேர்த்துக் கொடுக்கக்கூடாது, திருமணத்துக்குரிய உடையோ சொல்லோ சைகையோ இருக்கக்கூடாது என்கிறது. 2024 ஜனவரி 4இல் வந்த விளக்கம், பேசப்படுவது 10 அல்லது 15 செக்கன் நீளும் எளிய செபம் என்றது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறோம்: எங்களில் பலருக்கு அந்த அறிக்கை உவப்பானதல்ல. குழப்பத்துக்கு இடம் கொடுக்கிறது என்பது எங்கள் எண்ணம். ஆனாலும் பிடிக்காத ஆவணத்தையும் அது சொல்லாததைச் சொன்னதாக எழுதக்கூடாது.

2013இல் பிரான்சிஸ் பாப்பரசர் விமானத்தில் சொன்ன 'தீர்ப்பிட நான் யார்' கதையும் அதேதான். அந்த வாக்கியம், ஆண்டவரைத் தேடுகிற நல்மனமுள்ள ஒருவரைப் பற்றித் தொடங்குகிறது. முன்பாதி போய்விட்டது, பின்பாதி உலகம் சுற்றியது. ஓரினச்சேர்க்கையாளரை மதிப்போடும் பரிவோடும் நடத்த வேண்டும், அநியாயமாக ஒதுக்கக்கூடாது என்பது மறைக்கல்வி நூலின் 2358ஆம் எண்ணில் ஏற்கெனவே உள்ள போதனை. செயலைப் பாவம் என்று சொல்லும் 2357ஆம் எண்ணும் அதற்கு முந்தின வரியில் இருக்கிறது. எங்கள் ஆட்களில் சிலர் முதலாவதை மறந்து வசை பாடுகிறார்கள். நீங்கள் இரண்டாவதை மறைக்கிறீர்கள்.

செய்ய வேண்டியது கடினமல்ல. வத்திக்கான் செய்தி அலுவலகத்தின் நாளாந்த அறிக்கை பெரும்பாலும் உரோமை நேரம் நண்பகலில் வரும். நமக்கு அது கோடையில் பிற்பகல் 3.30, குளிர்காலத்தில் 4.30. மறுநாள் பத்திரிகைக்கு அவகாசம் தாராளம். முதலில் அது என்ன வகை ஆவணம் என்று பாருங்கள்: சட்டமா, சுற்றுமடலா, ஒரு திணைக்களத்தின் அறிக்கையா, விமானத்தில் பேசிய பேச்சா. எடை ஒவ்வொன்றுக்கும் வேறு. பிறகு தலைப்புக்குக் காரணமான எண்ணைக் கண்டுபிடித்து, அதற்கு முந்தின இரண்டு, பிந்தின இரண்டு எண்களையும் வாசியுங்கள். வெட்டுப்பட்ட நிபந்தனை பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். வத்திக்கான் வானொலிக்குத் தமிழ்ப் பணி இருக்கிறது. சொற்களுக்குச் சென்னைப் பத்திரிகையைப் பார்க்கத் தேவையில்லை. திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று திருச்சபை நீதிமன்றம் அறிவிப்பதை 'விவாகரத்து' என்று எழுதும் பிழை 2015இல் நடைமுறை எளிதாக்கப்பட்டபோது தொடங்கி இன்றுவரை ஓயவில்லை.

உயிர்த்த ஞாயிறு தாக்குதலிலும் அப்படி ஒன்று. 2019 ஏப்ரல் 21இல் குண்டு வெடித்த மூன்று ஆலயங்களில் கொச்சிக்கடை அந்தோனியாரும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியாரும் கத்தோலிக்க ஆலயங்கள். மூன்றாவதான மட்டக்களப்பு சீயோன், சுவிசேஷ சபையின் ஆலயம்; அதையும் கத்தோலிக்க ஆலயம் என்று எழுதுகிறீர்கள். அவர்களும் எங்கள் சகோதரர்தான். ஆனால் அவர்களுடைய பிள்ளைகளை எங்கள் கணக்கில் எழுதுவது அவர்களுக்கும் செய்யும் அவமரியாதை. 2025இல் அந்தத் தாக்குதலில் இறந்த கத்தோலிக்கர் 167 பேரின் பெயர்கள் விசுவாசத்தின் சாட்சிகள் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது 'புனிதர் ஆனார்கள்' என்று எழுதுவதற்கு அவசரப்பட்டவர்களும் உண்டு. புனிதர் நிலைக்கு இறை ஊழியர், வணக்கத்துக்குரியவர், முத்திப்பேறு பெற்றவர் என்று படிகள் இருக்கின்றன. யோசப் வாஸ் அடிகள் கண்டியில் இறந்தது 1711இல், முத்திப்பேறு பெற்றவரானது 1995இல், புனிதரானது 2015இல். அவசரம் திருச்சபைக்குத் தெரியாத குணம். இடையில் ஒரு சொல்: 1692இல் வாஸ் அடிகள் கண்டிக்கு வந்ததும் சிறைக்குப் போனது போர்த்துக்கேய ஒற்றர் என்று கிளப்பிவிட்ட கதையால். இந்த மலைநாட்டில் எங்கள் குருமாரைப் பற்றிய பொய்ச்செய்திக்கு வயது முந்நூறைத் தாண்டுகிறது.

புதுமை, அதாவது அற்புதம், பற்றிய செய்திகளுக்கு வாருங்கள். மாதா சிலை கண்ணீர் விடுகிறது என்று யாராவது கைபேசியில் எடுத்து அனுப்பினால் உங்களுக்குக் கொண்டாட்டம், எங்களுக்குத் தலையிடி. நாங்கள் புதுமையை நம்புகிறவர்கள். அதனாலேயே கண்டதையெல்லாம் புதுமை என்று நம்புவதில்லை. நுவரெலியாப் பக்கத்துக் காலைக் குளிரில் பூசைக்குச் சனம் நிறைந்ததும் மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த பரப்புகளில் படியும். சுண்ணச் சிலையின் உடல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடிக் கண் பதித்த பழைய சிலை என்றால் அந்த வழுவழுப்பில் மட்டும் நீர் திரண்டு கன்னத்தில் வழியும். மெழுகுதிரியை நெருக்கமாக ஏற்றினால் வண்ணப்பூச்சின் மேல் எண்ணெய்ப் பசை கசிவதும் உண்டு. எந்த நேரத்தில் வழிந்தது, கதவு யன்னல் திறந்திருந்ததா, துடைத்துவிட்டு ஆளில்லாத ஆலயத்தைப் பூட்டி வைத்தால் மறுபடி வருகிறதா என்று கேளுங்கள். 2024 மே மாதம் வந்த விதிகளின்படி விசாரிப்பது மறைமாவட்ட ஆயர். முடிவு ஆறு வகைகளில் ஒன்றாக இருக்கும். அதை வெளியிடுமுன் உரோமையின் ஒப்புதல் வேண்டும். இது தெய்வச் செயல்தான் என்று அறிவிப்பது பொதுவாக அந்த ஆறிலும் இல்லை. 'ஆயர் விசாரணை முடியும்வரை எதுவும் உறுதியில்லை' என்று ஒரு வரி போட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கிராமமே வான் பிடித்து அங்கே வந்து குவியாது.

சிறுவர் துஷ்பிரயோகம் பற்றி எழுதாதீர்கள் என்று நாங்கள் கேட்பதாக யாரும் நினைக்க வேண்டாம். எழுதுங்கள். குருவானவராக இருந்தால் இன்னும் உறுதியாக எழுதுங்கள். 2019இல் வந்த 'வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி' என்ற திருச்சபைச் சட்டப்படி ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் முறைப்பாடு செய்ய ஒரு வழி இருக்க வேண்டும்; குருக்களும் துறவியரும் தாங்கள் அறிந்ததை முறைப்பாடு செய்யக் கடமைப்பட்டவர்கள்; நாட்டுச் சட்டத்துக்குரிய கடமையை அது குறைக்காது. ஆயர் இல்லத்தில் கேட்க வேண்டியது: பொறுப்பானவர் யார், முறைப்பாடு எப்போது கிடைத்தது, பொலிசுக்குப் போனதா, குற்றம் சாட்டப்பட்டவர் இப்போது எந்தப் பணியிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறார். மழுப்பினால் மழுப்பினார்கள் என்றே எழுதுங்கள். ஆனால் பிள்ளையைக் காப்பாற்றுங்கள். பெயரை மறைத்துவிட்டுத் தோட்டத்தின் பெயர், டிவிசன் (தோட்டத்தின் பிரிவு), வயது, அப்பா செய்யும் வேலை என்று போடுகிறீர்கள். ஒரு டிவிசனில் நாலைந்து லயம்தான். பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை, அப்பா தொழிற்சாலையில் வேலை என்றால் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் நிற்கும் அத்தனை பேருக்கும் வீடு தெரிந்துவிடும். மாவட்டத்தோடு நிறுத்துங்கள். கீழே 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தைப் போடுங்கள். அந்த வரி யாராவது ஒரு பிள்ளைக்கு உதவும்.

மதமாற்றச் செய்திகளில் எல்லாக் கிறிஸ்தவரையும் ஒரே சாக்கில் கட்டுகிறீர்கள். வீடுகளில் செபக்கூட்டம் நடத்தும் சபைகள் வேறு, பங்கு ஆலயம் வேறு. கத்தோலிக்கராக விரும்பும் வளர்ந்த ஒருவர் நீண்ட ஆயத்தத்துக்குப் பிறகுதான், பெரும்பாலும் உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின பாஸ்கா இரவில், ஞானஸ்நானம் பெறுவார். சாதாரண நிலையில் தாய் தகப்பனில் ஒருவராவது சம்மதிக்காமல் குழந்தைக்குக் கொடுக்க முடியாது. இந்து மாப்பிள்ளை அல்லது பெண் என்றால் மதம் மாறச் சொல்வதும் இல்லை: ஆயரின் விதிவிலக்கு வாங்க வேண்டும், தன் விசுவாசத்தைக் காப்பதாகவும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாகவும் கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும், மற்றவருக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். அவ்வளவுதான். மாரியம்மன் கோயிலும் மாதா கோயிலும் ஒரே மேட்டில் இருக்கும் தோட்டங்களில் இந்தப் பிழையான செய்தி அண்டை அயலுக்குள் மூட்டிவிடும் சண்டையை நீங்கள் வந்து அணைக்கப் போவதில்லை.

படம் பிடிப்போருக்கு இரண்டு வார்த்தை. குருவானவர் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்தில் மணி அடிக்கும்போது பிளாஷ் வேண்டாம், நன்மை வாங்கும் வாயைக் கிட்ட வைத்து எடுக்க வேண்டாம், பாவசங்கீர்த்தனத் தொட்டிப் பக்கம் கமராவே வேண்டாம். பவனி, பிரசங்கம், பூசை முடிந்து சனம் வெளியே வரும் நேரம், எல்லாம் உங்களுக்குத்தான்.

'விசுவாசம் தனிப்பட்ட விஷயம், அதை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்' என்று உங்கள் விவாத நிகழ்ச்சிகளில் அடிக்கடி கேட்கிறோம். செபம் தனிப்பட்டதுதான், அதைப் படம் எடுக்கச் சொல்லி யாரும் உங்களைக் கேட்கவில்லை. ஆனால் செபத்தை முடித்து எழுந்து தராசடிக்குப் போகிறவர் அங்கேயும் கத்தோலிக்கர்தான். அவர் துரையாக இருந்தாலும் சரி, கணக்கப்பிள்ளையாக இருந்தாலும் சரி, கொழுந்து பறிப்பவராக இருந்தாலும் சரி. அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் கம்பனிப் பக்கம் உட்காரும் கத்தோலிக்கரிடமும் சங்கப் பக்கம் உட்காரும் கத்தோலிக்கரிடமும் 2434ஆம் எண்ணை வாசித்துக் காட்டி ஒலிவாங்கியை நீட்டுங்கள். கண்டி ஆயர் இல்லத்தையும் பதுளை ஆயர் இல்லத்தையும் அதே கேள்வியோடு அழையுங்கள். பதிலை வெட்டாமல் போடுங்கள்.

பிழை வந்துவிட்டால் திருத்தத்தை ஏழாம் பக்கத்து மூலையில் அல்ல, பிழை வந்த அதே இடத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள். இணையத்தில் என்றால் பழைய தலைப்பைச் சத்தமில்லாமல் மாற்றாமல், எது பிழை, எப்போது திருத்தினோம் என்று மேலேயே எழுதுங்கள். முகநூலில் பகிர்ந்த படத்தையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். செய்தி திருந்திய பிறகும் வட்ஸ்அப்பில் சுற்றுவது அந்தப் படம்தான்.

இப்படிக்கு,
கண்டி, பதுளை மறைமாவட்டத் தோட்டப் பங்குகளின்
மறைக்கல்வி ஆசிரியர்கள் சிலர்